ஒரு புள்ளி, ஒரு அம்புக்குறி: மீள்நோவா படங்கள் பற்றி

2021 ஆகஸ்ட்டில் ஆர்எஸ் ஒபியூக்கி வெடித்தபோது நான் எடுத்த படம் ஒன்று இன்னும் கணினியில் கிடக்கிறது. நடுவில் கொழுத்த வெள்ளைப் புள்ளி. பக்கத்தில் மஞ்சள் அம்புக்குறி. கீழே "15 வருடம் கழித்து மீண்டும் வெடித்த நட்சத்திரம்!" என்று ஆச்சரியக்குறியோடு ஒரு வரி. போட்டதும் நண்பர்கள் கொண்டாடினார்கள், நானும் ஒரு வாரம் பெருமையாகத்தான் திரிந்தேன்.

பல மாதம் கழித்து அந்த வெடிப்பின் ஒளி நாளுக்கு நாள் எப்படி இறங்கியது என்று ஒரு வரைபடம் போட உட்கார்ந்தேன். அதில் என் படத்திலிருந்தும் ஒரு புள்ளி வைத்துவிடலாம் என்று ஆசை. முடியவில்லை. நட்சத்திரம் சென்சாரில் நிரம்பி வழிந்திருந்தது. ஜேபெக்காக மட்டும் சேமித்திருந்தேன். போதாக்குறைக்கு, பேட்டரியைக் கழற்றி மாட்டியதில் கேமராவின் கடிகாரம் என்றோ ஒரு பழைய தேதிக்குப் போயிருந்தது. மேகத்துக்கு நடுவில் அவசர அவசரமாக எடுத்தது ஞாபகம் இருக்கிறது, எத்தனை மணிக்கு என்பது இல்லை. ஆக, அந்தப் படம் சொல்வது ஒன்றே ஒன்றுதான்: அன்று ராத்திரி நான் முழித்திருந்தேன்.

இந்தக் கட்டுரை அந்த வகைப் படங்களைப் பற்றியது. குற்றவாளிப் பட்டியலில் முதல் பெயர் என்னுடையது என்பதைச் சொல்லிவிட்டே தொடங்குகிறேன்.

மீள்நோவா என்றால் என்ன என்பதைச் சுருக்கமாக முடித்துவிடலாம். ஒரு வெண்குள்ளன், பக்கத்தில் ஒரு துணை நட்சத்திரம். துணையிடமிருந்து ஹைட்ரஜன் வழிந்து வெண்குள்ளன்மேல் படிகிறது. படிவு தடித்து, அடியில் அழுத்தமும் சூடும் ஏறி, ஒரு கட்டத்தில் அணுக்கரு இணைவு கட்டுமீறிப் பற்றிக்கொள்கிறது. மேலே இருந்தது வெடித்துச் சிதறும், வெண்குள்ளன் அப்படியே இருக்கும். (சூப்பர்நோவாவோடு குழப்பிக்கொண்டு "நட்சத்திரம் அழிந்தது" என்று தலைப்புப் போடுபவர்களுக்கு: ஒன்றும் அழியவில்லை, திரும்பவும் படியத் தொடங்கிவிட்டது.) சாதாரண நோவாவிலும் இதுதான் நடக்கிறது, ஆனால் இடைவெளி ஆயிரக்கணக்கான வருடங்கள். ஒரு மனித ஆயுளுக்குள் திரும்ப வெடிக்க வேண்டுமென்றால் வெண்குள்ளன் கனமாக இருக்க வேண்டும். எவ்வளவு கனம்? சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சந்திரசேகர் கணக்கிட்டாரே, சூரியனைப் போல ஏறத்தாழ 1.4 மடங்கு என்ற எல்லை, அதை ஒட்டி நிற்க வேண்டும். நம் பால்வெளியில் உறுதியாகத் தெரிந்த மீள்நோவாக்கள் பத்துதான். அதில் இப்போது எல்லோரும் காத்துக்கொண்டிருப்பது டி கொரோனா போரியாலிஸ். 1866-லும் 1946-லும் வெடித்தது. வழக்கமாக 10-ஆம் மேக்னிட்யூடில் கிடக்கும், வெடித்தால் 2-க்கு வரும். மேக்னிட்யூட் எண் குறையக் குறைய வெளிச்சம் அதிகம். 10 என்றால் கண்ணுக்குத் தெரியாது, 2 என்றால் சென்னை மொட்டைமாடியிலிருந்தே தெரியும்.

சரி, படங்களுக்கு வருவோம். மீள்நோவா படம் என்றால் கிட்டத்தட்ட ஒரே அச்சுதான்: இடது பக்கம் "முன்", வலது பக்கம் "பின்". இடதில் ஒன்றும் இல்லை, வலதில் ஒரு வெள்ளை உருண்டை. பார்ப்பவர் மனதில் பதிவது "எவ்வளவு பெரிசாயிடுச்சு பாருங்க" என்பது. உண்மையில் ஒன்றும் பெரிசாகவில்லை. அவ்வளவு தூரத்தில் எந்த நட்சத்திரமும் நம் லென்ஸுக்கு வெறும் புள்ளிதான். உருண்டையாகத் தெரிவது காற்றின் நடுக்கம், லென்ஸின் கசிவு, சென்சார் நிரம்பியது மூன்றும் சேர்ந்த வேலை.

கணக்குப் போட்டால் இது இன்னும் தெளிவாகும். மேக்னிட்யூட் ஒவ்வொரு படியும் 2.512 மடங்கு. 10-லிருந்து 2-க்கு எட்டுப் படி, அதாவது ஏறத்தாழ 1,600 மடங்கு. ஒரு 14 பிட் கேமராவில் ஒவ்வொரு பிக்சலும் 0-விலிருந்து 16,383 வரைதான் எண்ண முடியும். அமைதியாக இருக்கும் டி கொரோனாவின் நடுப்பிக்சலில் 200 எண்ணிக்கை விழும்படி நீங்கள் அமைப்பு வைத்திருந்தால், வெடித்த அன்று அதே அமைப்பில் 3 லட்சத்துக்கு மேல் விழ வேண்டும். விழாது. 16,383-ல் முட்டி நின்றுவிடும். மேக்னிட்யூட் 2 ஆனாலும் 3 ஆனாலும் 4 ஆனாலும் நடுப்பிக்சல் அதே வெள்ளைதான். "ஒரே அமைப்பில் எடுத்த முன்-பின் படம்" என்று நேர்மையாகச் செய்தவர்கள்கூட இதில்தான் விழுகிறார்கள். ஒப்பிடுவதற்காக ஒரே அமைப்பை வைத்தார்கள். அந்த ஒரே அமைப்பே ஒப்பிட முடியாமல் செய்துவிட்டது.

நேர்மையில்லாத வகை வேறு. இடது பக்கப் படம் அவர் எடுத்ததே இல்லை. வெடிப்புச் செய்தி வந்த பிறகுதான் அந்தத் திசையில் கேமராவைத் திருப்பியிருக்கிறார், "முன்" படத்துக்கு எங்கே போவது? இணையத்தில் கிடைக்கும் பழைய கண்ணாடித் தட்டு வான்படத் தொகுப்பிலிருந்து ஒரு துண்டு வெட்டி ஒட்டியாச்சு. அது வேறு தொலைநோக்கி, வேறு நிற வடிகட்டி, வேறு ஆழம். இரண்டையும் பக்கத்தில் வைத்து வித்தியாசத்தைக் காட்டுவது, ஒருவரைத் தராசிலும் இன்னொருவரைக் கண்ணாடியிலும் பார்த்து யார் கனம் என்று சொல்வது மாதிரி.

இன்னொரு வேடிக்கை, வளையம். ஆர்எஸ் ஒபியூக்கி வெடித்தபோது "வெடிப்பு வளையம் தெரிகிறது பாருங்கள்" என்று சில படங்களுக்குக் கீழே பேச்சு நடந்தது. 2006-ல் அதே நட்சத்திரம் வெடித்தபோது, 155 நாள் விரிந்த பிறகு ஹபிள் தொலைநோக்கி எடுத்த படத்தில்தான் சிதறல் இரு பக்கமாக நீண்ட வடிவில் பிடிபட்டது. மொட்டைமாடியில் இரண்டாம் நாளே வளையம் தெரிந்தால் அது வடிகட்டியின் கண்ணாடி பிரதிபலித்தது, இல்லாவிட்டால் ஃபோகஸ் தப்பியது.

நிறம் கொஞ்சம் நியாயமான விஷயம். நோவாவின் படங்களில் ஒரு ரோஜா சாயல் வருமே, அது பொய் இல்லை. வெடித்த வாயுவில் ஹைட்ரஜன் ஒளிர்கிறது, அதன் முக்கியமான கோடு 656 நானோமீட்டரில் ஆழ்ந்த சிவப்பு. ஆனால் கடையில் வாங்கிய அப்படியே இருக்கும் டிஎஸ்எல்ஆரில் சென்சாருக்கு முன்னால் உள்ள வடிகட்டி அந்தச் சிவப்பில் பெரும்பகுதியைத் தின்றுவிடும். வானப் படத்துக்காக அதைக் கழற்றி மாற்றியவருக்கு அதே நட்சத்திரம் செக்கச்செவேல். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. ஆனால் எந்தக் கேமரா, மாற்றியதா மாற்றாததா என்று எழுதாவிட்டால் அந்த நிறம் அலங்காரம் மட்டுமே. நிறத்தில் உண்மையாகவே ஆர்வம் இருக்கிறவர்கள் மில்லிமீட்டருக்கு 100 கோடு போட்ட விளிம்பு வளைவுக் கண்ணாடி ஒன்றை வாங்கி லென்ஸுக்கு முன்னால் மாட்டலாம். நட்சத்திரம் ஒரு பட்டையாக விரியும். சாதாரண நட்சத்திரத்தின் பட்டையில் இருண்ட கோடுகள் இருக்கும், நோவாவின் பட்டையில் ஹைட்ரஜன் கோடு பிரகாசமாக எரியும். 1866-ல் வில்லியம் ஹக்கின்ஸ் நிறமாலைக் கருவி வழியாகக் கண்ணால் பார்த்தது இதே டி கொரோனாவின் இதே கோடுகளைத்தான். அதுதான் ஒரு நோவாவின் நிறமாலையை முதன்முதலாகப் பார்த்த சம்பவம். ஒரு புள்ளியை எடுத்து அதற்கு அம்புக்குறி போடுவதைவிட அந்தப் பட்டை எனக்குப் பல மடங்கு பெரிய படம்.

"அழகுக்காக எடுக்கவே கூடாதா?" என்று கேட்பீர்கள். தாராளமாக எடுங்க. ஆனால் அழகு என்று வந்துவிட்டால் இந்தப் படங்கள் அதிலும் தோற்கின்றன என்பதுதான் என் அடுத்த புகார். டி கொரோனா இருக்கும் வடமகுடம், சுவாதிக்கும் அபிஜித்துக்கும் நடுவில், சுவாதிக்குக் கொஞ்சம் கிட்டே, அரைவட்டமாக ஏழு நட்சத்திரம் கோத்த சின்ன மாலை. வெடிப்பு நடந்தால் அந்த அரைவட்டத்துக்குச் சற்று வெளியே, இதுவரை இல்லாத இடத்தில், மகுடத்தின் மிகப் பிரகாசமான அல்பெக்காவுக்கு இணையாக ஒன்று வந்து உட்காரும். வானத்தின் உருவமே சில நாளைக்கு மாறும். அதுதான் காட்சி. அதைப் பிடிக்கச் சாதாரண 50 மி.மீ. லென்ஸ் போதும், கீழே ஒரு தென்னை மரமோ தண்ணீர்த் தொட்டியோ இருந்தால் இன்னும் நல்லது. ஆனால் ஆளாளுக்குச் செய்யப்போவது என்ன? தொலைநோக்கியைத் திருப்புவார்கள். இப்போது பரவலாகக் கிடைக்கும் ஸ்மார்ட் டெலஸ்கோப்புகளின் பார்வைப் பரப்பு ஒன்றிரண்டு பாகைதான், அதில் மகுடம் அடங்காது. சுற்றியிருப்பதை எல்லாம் வெட்டிவிட்டு ஒரு புள்ளியை மட்டும் கொண்டுவந்து நிறுத்தினால், அம்புக்குறி இல்லாமல் அதற்கு அர்த்தமே இருக்காது. தேவைக்கு மேல் பெரிய கருவி படத்தைச் சின்னதாக்கிவிட்ட கதை இது.

இந்த அவசரத்துக்குச் செய்திகளும் காரணம். 2015 வாக்கில் டி கொரோனா கொஞ்சம் பிரகாசமானது, 2023-ல் மங்கத் தொடங்கியது. 1946 வெடிப்புக்கு முன்னாலும் இதே மாதிரி நடந்தது என்று ஒப்பிட்டு ஒரு கணிப்பு வந்தது. 2024 பிப்ரவரிக்கும் செப்டம்பருக்கும் இடையில் வெடிக்கலாம் என்று நாசா சொன்னதும் "இன்று இரவு தெரியும்" என்ற தரத்துக்குத் தமிழ்க் காணொளிகள் இறங்கின. செப்டம்பர் போனது. பிறகு, அந்த இரட்டையின் சுற்றுக்காலமான ஏறத்தாழ 227 நாளின் மடங்குகளில்தான் வெடிக்கிறது என்று இன்னொரு கணிப்பு, 2025 மார்ச் 27 என்ற தேதியோடு. அதுவும் போனது. நன்றாகப் பதிவான வெடிப்புகள் மொத்தம் இரண்டு. இரண்டு புள்ளியை வைத்துக்கொண்டு தேதி சொல்வதில் இருக்கும் துணிச்சல் எனக்கு இல்லை. கணித்தவர்கள் தங்கள் கட்டுரைகளில் தயக்கத்தோடுதான் எழுதியிருந்தார்கள், தயக்கம் தலைப்புகளுக்கு வரும் வழியில் தொலைந்துவிட்டது. இதன் விளைவு, குறிப்பிட்ட நாளில் கேமராவோடு கூடியவர்கள் அடுத்த நாள் கலைந்துபோனார்கள்.

ஆனால் இந்த நட்சத்திரத்தின் விஷயத்தில் அடுத்த நாளும் முந்தைய நாளும்தான் முக்கியம். 1866 மே 12 இரவு அயர்லாந்தின் டூவம் ஊரில் ஜான் பர்மிங்காம் அதைப் பிரகாசமாகப் பார்த்தார். எல்லோரும் அவர் பெயரைச் சொல்கிறோம். ஏதென்ஸில் இருந்த யூலியஸ் ஷ்மிட் அதே இரவில், சில மணி நேரம் முன்பு அதே பகுதியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே அப்படிப் பிரகாசமாக எதுவும் இல்லை என்று உறுதியாகச் சொன்னார். ஒன்றுமில்லை என்ற அந்தச் சாட்சியத்தால்தான் இந்த நட்சத்திரம் நாள் கணக்கில் இல்லை, மணிக் கணக்கில் ஏறுகிறது என்று நமக்குத் தெரிகிறது. 1946-ல் இதற்கு நேர் எதிர்க் கதை. அமெரிக்காவின் ஒஹாயோவில் லெஸ்லி பெல்டியர் 25 வருடத்துக்கு மேல் இந்த நட்சத்திரத்தைக் கண்காணித்து வந்தவர். பிப்ரவரியில் ஒரு விடியற்காலை எழுந்தார், சளி பிடிக்கும் போலிருந்தது, திரும்பப் போய்ப் படுத்துவிட்டார். அன்றைக்குத்தான் வெடித்தது. தன் சுயசரிதையில் அவரே எழுதியிருக்கிறார். 25 வருடக் கண்காணிப்பு வீண் என்று அதைப் படித்துச் சிரிப்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்த 25 வருட "ஒன்றுமில்லை"களும் அவரைப் போன்ற மற்றவர்களின் "ஒன்றுமில்லை"களும் இல்லாவிட்டால், 1946-க்கு முன்னால் மங்கியது, ஏறியது என்ற பேச்சே இருந்திருக்காது.

இதில் நம்ம ஊருக்கும் ஒரு பங்கு இருக்கிறது. யு ஸ்கார்ப்பி என்ற மீள்நோவா, விருச்சிகத்தின் வடக்கு ஓரத்தில் இருப்பது. அதை முதலில் கண்டது சென்னையில், நுங்கம்பாக்கத்தில் இருந்த மதராஸ் வானாய்வகத்தில், 1863 மே 20 அன்று. கண்டவர் நார்மன் போக்சன். மேலே ஒரு படி 2.512 மடங்கு என்று எழுதினேனே, அந்த அளவுகோலை 1856-ல் முன்வைத்தவரும் அவரேதான். யு ஸ்கார்ப்பி வெடித்தால் இரண்டு மூன்று நாளில் மூன்று மேக்னிட்யூட் இறங்கிவிடும். போக்சன் பார்த்த பிறகு அது பல பத்தாண்டுகள் யார் கண்ணிலும் படவில்லை. நடுவில் வெடிக்காமல் இல்லை. 1906-லும் 1936-லும் வெடித்தது, ஹார்வர்ட் கண்ணாடித் தட்டுகளில் பிற்பாடு தேடியபோது கிடைத்தது. அந்தத் தட்டுகளை எடுத்தவர்கள் யு ஸ்கார்ப்பிக்காக எடுக்கவில்லை. வானத்தை வழக்கம்போல, தேதியும் நேரமும் எழுதி, படம் பிடித்து அடுக்கி வைத்தார்கள், அவ்வளவுதான். என் ஆர்எஸ் ஒபியூக்கி படத்துக்கும் அந்தத் தட்டுக்கும் உள்ள வித்தியாசத்தை நினைத்தால் இப்போதும் கொஞ்சம் கூசுகிறது. அந்தத் தட்டின் ஓரத்தில் தேதி இருந்தது, என் படத்தில் ஆச்சரியக்குறி இருந்தது.

அப்புறம் நான் எப்படி எடுக்கிறேன் என்று சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் குறை மட்டும் சொன்னதாகிவிடும். பழைய டிஎஸ்எல்ஆர், 135 மி.மீ. லென்ஸ், வானத்தோடு சுற்றும் சின்ன டிராக்கர். டிராக்கர் இல்லாதபோது 50 மி.மீ. லென்ஸில் 6 வினாடி, 8 வினாடி எனப் பல படங்கள் எடுத்து அடுக்கினேன். நகர வெளிச்சத்தில் 10-ஆம் மேக்னிட்யூட் அப்படி இழுபறிதான். ரா ஃபைல் மட்டும். ஃபோகஸை வேண்டுமென்றே ஒரு மயிரிழை தளர்த்துகிறேன், ஒளி பல பிக்சலில் பரவும், எதுவும் நிரம்பாது. படம் அழகாக இருக்காது, பரவாயில்லை. லென்ஸை மூடி இருட்டுப் படம், வெளுத்த வானத்தை நோக்கிச் சமன் படம். பிறகு பச்சைப் பிக்சல்களை மட்டும் பிரித்து, நட்சத்திரத்தைச் சுற்றி ஒரு வட்டம் போட்டுக் கூட்டி, வான வெளிச்சத்தைக் கழித்து, பக்கத்து நட்சத்திரத்தோடு ஒப்பிட வேண்டும். ஒப்பீட்டு நட்சத்திரங்களின் அளவுகளோடு வரைபடம் 1911 முதல் இயங்கும் அமெரிக்க மாறுமீன் நோக்கர் சங்கத்தின் தளத்தில் இலவசம். டி கொரோனா சிவந்த நட்சத்திரம், அதனால் நீல நட்சத்திரத்தோடு ஒப்பிட்டால் கணக்கு சாயும். வெடித்த பிறகு அல்பெக்காவைத்தான் எல்லோரும் பிடிப்பார்கள், அதிலும் ஒரு பொறி இருக்கிறது: அது நீலச்சாயல் வெள்ளை, தவிர 17 நாளைக்கு ஒருமுறை தன் துணையால் மறைக்கப்பட்டு 0.1 மேக்னிட்யூட் மங்கும். எல்லாவற்றுக்கும் மேல், படம் எடுக்கும் முன் கேமராக் கடிகாரத்தைச் சரிபார்த்து, நம் நேரத்திலிருந்து ஐந்தரை மணி கழித்து எழுதிவைப்பது. வெடித்த இரவுக்கென்று குறைந்த நேர அமைப்பு ஒன்றை ஒரு அட்டையில் தனியாக எழுதி ஒட்டியிருக்கிறேன். அன்றைக்குக் கை நடுங்கும் என்பது எனக்குத் தெரியும்.

இப்படி ஒரு பருவம் எடுத்துச் சேர்த்த எண்களை வரைந்தபோது நட்சத்திரம் சும்மா இல்லை என்று தெரிந்தது. மெதுவாக ஏறி, மெதுவாக இறங்கி, 113 நாள் சுமாருக்கு ஒரு அலை. புத்தகத்தில் படித்ததுதான்: வெண்குள்ளனின் இழுவையில் சிவப்புப் பெருமீன் முட்டை வடிவத்துக்கு நீண்டிருக்கிறது. சுற்றும்போது அகலப் பக்கம் இரண்டு தடவை, முனைப் பக்கம் இரண்டு தடவை நமக்குக் காட்டும். அகலம் தெரியும்போது கொஞ்சம் கூடுதல் ஒளி. எந்தத் தொலைநோக்கியில் பார்த்தாலும் புள்ளியாகத் தெரிகிற ஒன்று உருண்டையாக இல்லை என்பதை, மங்கலான, ஃபோகஸ் தளர்ந்த, யாருக்கும் காட்ட லாயக்கில்லாத என் படங்கள் சொல்லின. ஆர்எஸ் ஒபியூக்கி படத்துக்குக் கிடைத்த கைதட்டலில் பத்தில் ஒரு பங்குகூட அந்த வரைபடத்துக்குக் கிடைக்கவில்லை. ஒருவர் "இது ஷேர் மார்க்கெட்டா?" என்று கேட்டிருந்தார்.

இதை எழுதும் வரை டி கொரோனா வெடிக்கவில்லை. நேற்று ராத்திரி ஒன்பது மணிக்கு மேகம் விலகியதும் 20 படம் எடுத்தேன். 10-க்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. கடிகாரம் 4 வினாடி பின்தங்கியிருந்தது, திருத்தியாச்சு.